கதைத்தலும் பேசுதலும்

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் சிவப்பு மையால் நான் திருத்திய கட்டுரை ஏடுகள் எத்தனை ஆயிரம் என்று கணக்கிட்டதில்லை. அவற்றுள் ஒரே ஒரு திருத்தம் மட்டும் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலாமல் நிற்கிறது. செபமாலையைக் கையில் எடுத்து அமரும் சில மாலைகளில், அழைக்காமலேயே அது என் முன் வந்து நிற்கும்.

1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் புதிதாகச் சேர்ந்தான். மன்னார்ப் பகுதியிலிருந்து தாயோடும் தங்கையோடும் படகில் வந்தவன். விடுமுறை நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். 'பின்னேரம் அம்மாவோடு கனநேரம் கதைத்துக்கொண்டு இருந்தேன்' என்று அவன் எழுதியிருந்தான். 'பின்னேரம்' என்பதை அடித்து 'மாலை' என்றும், 'கனநேரம்' என்பதை 'நெடுநேரம்' என்றும், 'கதைத்து' என்பதைப் 'பேசி' என்றும் மாற்றினேன். அத்துடன் நிறுத்தியிருந்தாலும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஏட்டை வகுப்பின் முன்னால் உயர்த்திப் பிடித்து, "கதை என்பது பாட்டி சொல்வது, மனிதர்கள் பேசுவார்கள்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அதன்பின் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. ஆறே மாதத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே பேசத் தொடங்கிவிட்டான். "பார்த்தீர்களா, எவ்வளவு விரைவில் நம்மோடு ஒட்டிக்கொண்டான்!" என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமை எவ்வளவு தவறானது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதை எழுதிவைக்க வேண்டும் என்றே இன்று எழுதுகோலை எடுத்தேன்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர்கள் அலை அலையாக இராமேசுவரக் கரைக்கு வந்ததை நம்மில் மூத்தவர்கள் அறிவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வந்த இரண்டாம் அலையில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் இரவில், விளக்கில்லாத மீன்பிடி படகில், குழந்தையின் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கடப்பவருக்கு அந்தத் தொலைவின் கணக்கே வேறு. படகோட்டிகள் பலரையும் கடலுக்கு நடுவே உள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவர். யாரேனும் வந்து மீட்கும்வரை அங்கே குடிக்க நீரின்றி நிற்க வேண்டும். பின்பு மண்டபம் முகாம், பதிவு, விசாரணை, அங்கிருந்து மாவட்டந்தோறும் அமைந்த முகாம்கள். இலங்கையின் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் மக்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்புவதற்காக ஆங்கிலேயர் காலத்தில் எழுந்ததே அந்த மண்டபம் முகாம். வறுமையால் அக்கரைக்குப் போனவர்களின் வாசலே, போரால் இக்கரைக்கு வந்தவர்களின் வாசலும் ஆயிற்று.

எங்கள் ஊரில் கண்மாய்க்கரையை ஒட்டிப் பயனற்றுக் கிடந்த ஒரு பெரிய கிடங்கை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். பழைய சேலைகளையும் சாக்குகளையும் கட்டி, குடும்பத்துக்கு ஒரு தடுப்பாக அதைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் கேட்கும். அகதிகளைக் குறித்த 1951-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் நம் நாடு கையெழுத்திடவில்லை. ஆகவே அவர்களுக்குக் கிடைத்த அரிசியும் உதவித்தொகையும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும் அரசு இரங்கி அளித்தவையே அன்றி, அவர்கள் உரிமையென்று கேட்டுப் பெறத்தக்கவை அல்ல.

'ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே சோறு; இவர்களுக்கு இங்கே பழகுவதில் என்ன சிரமம்?' என்றே நாங்கள் எண்ணினோம். கனடாவுக்கும் நார்வேக்கும் போனவர்கள் பனியோடும் புரியாத மொழியோடும் போராட வேண்டும்; இங்கே வந்தவர்கள் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள் அல்லவா என்பது எங்கள் நினைப்பு. மிக அருகில் இருப்பவனின் வேற்றுமையே மிக எளிதில் கேலிக்குள்ளாகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் 'ஓம்' என்றால் சிரித்தோம். 'வடிவு' என்றால் சிரித்தோம். சொதியைப் பார்த்து, 'தேங்காய்ப்பாலில் மஞ்சளைக் கரைத்திருக்கிறார்கள்' என்றோம். கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை 'சிலோன்காரன்' என்றே அழைத்தனர்.

1991 சனவரியில் எங்கள் பங்கில் புனித செபஸ்தியார் திருவிழா. சப்பரம் கோவில் வாசலைக் கடக்கும்போது அதிர்வேட்டுப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் வேட்டு வெடித்ததும் கூட்டத்தின் நடுவில் ஏதோ சரிந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். முகாமிலிருந்து வந்திருந்த ஐம்பது அறுபது பேரும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். தாய்மார் பிள்ளைகளின்மேல் கவிழ்ந்து கிடந்தனர். என் மாணவன் தங்கையை இழுத்துக்கொண்டு சப்பரத்தின் அடியில் புகுந்திருந்தான். சில நொடி எவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்பு எங்கள் இளைஞர் சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானும் புன்னகைத்தேன். எழுந்து நின்று, சட்டையின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் கண்கள் அந்தப் புன்னகையைப் பார்த்துவிட்டன.

எங்கள் பங்குத்தந்தை உடனே வேட்டை நிறுத்தச் சொன்னார். அன்றிரவு மறையுரையில் அதுபற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் முகாமுக்குத் தனியே நடந்துபோய் வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேட்டுப் போடுவதற்கு முன் ஒலிபெருக்கியில், "இப்போது வேட்டுப் போடப்போகிறோம், மூன்று வேட்டு" என்று அறிவித்து, சற்றுப் பொறுத்து, அதன்பின்னரே திரியில் நெருப்பு வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். ஊரார் முணுமுணுத்தனர், பின்பு பழகிக்கொண்டனர்.

அன்று நாங்கள் கண்டது கோழைத்தனம் அன்று, பைத்தியமும் அன்று. பேரிடரைக் கடந்துவந்தவரின் உடல், ஆபத்து நீங்கிய பின்னும் காவல் நிற்பதைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகைப்படுத்தியது 1980-இல்தான். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தம் மக்களிடம் கண்ட இந்தத் துன்பத்தை விரிவாக ஆராய்ந்து, 1998-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். தமிழில் இதற்கு 'மனவடு' என்ற அருமையான சொல் வழங்குகிறது. புண் ஆறிவிட்டது என்பதற்கும் வடுவே சான்று. புண் இருந்தது என்பதற்கும் வடுவே சான்று. அந்த மக்கள் ஒருவரும் 'எனக்கு மனத்தில் நோய்' என்று மருத்துவரிடம் சொல்லவில்லை. நெஞ்சு எரிகிறது, கை கால் உளைகிறது, ஒரே யோசனை, உறக்கமில்லை என்றே சொன்னார்கள். 'யோசனை' என்றால் எங்களுக்குத் திட்டம். அவர்களுக்கோ தீராக் கவலை. மருந்துச் சீட்டில் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை எழுதப்பட்டது.

அந்தச் சிறுவனின் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். விடியுமுன் எழுந்து, தம் தடுப்புக்கு முன்னால் இருந்த மூன்று முழ மண்ணைப் பெருக்கி நீர் தெளிப்பார். பிள்ளைகளின் சட்டைகளில் ஒரு சுருக்கமும் இராது. அழுது எவரும் பார்த்ததில்லை. 1990-ஆம் ஆண்டின் அந்தக் கோடையில் ஒருநாள் காலை வெளியே போன கணவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. பத்து நாள் காத்திருந்துவிட்டுப் பிள்ளைகளோடு படகேறியிருக்கிறார்.

1991 நவம்பரில், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவுநாளுக்காகப் பங்கில் பெயர்ப் பட்டியல் எடுத்தோம். பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு. முகாமுக்குச் சென்றபோது ஒவ்வொரு குடும்பத்திலும் நான்கு பெயர், ஐந்து பெயர் சொன்னார்கள். அவரிடம் வந்ததும், "அக்கா, உங்க வீட்டுக்காரர் பெயர்..." என்று இழுத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவர் காணாமல் போனவர், ரீச்சர். செத்தவர் இல்லை. அவற்றை பேரை அந்தக் கடதாசியில எழுதாதேங்கோ" என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, "நான் அந்தோனியாரிட்டைக் கேட்டிருக்கிறன்" என்றார். இழந்த பொருள்களைத் தேடித் தருபவர் என்று நாம் மன்றாடும் அதே அந்தோனியாரிடம்.

வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அறிஞர், இத்தகைய இழப்புக்கு முடிவு தெரியாத இழப்பு என்ற பொருளில் ஒரு பெயரிட்டார். இறந்தவருக்காக அழலாம், இருப்பவருக்காகக் காத்திருக்கலாம், இரண்டும் அல்லாத நிலையில் மனம் உறைந்துபோகிறது என்பது அவர் கண்ட உண்மை. அந்த உறைவை நான் மூன்று முழ மண் வாசலில் கண்டேன். உழைப்பார், உண்பார், பிள்ளைகளைக் கண்டிப்பார். ஆனால் ஒரு பித்தளைக் குடம்கூட வாங்கமாட்டார். கட்டில் வாங்கித் தருவதாகப் பங்கில் ஒருவர் சொன்னபோது, "போகேக்கை ஆர் தூக்கிறது?" என்று மறுத்துவிட்டார். 1992 முதல் 1995 வரை பல்லாயிரம் பேர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர் பெயர் கொடுக்கவில்லை. முகாமுக்கு வெளியே ஊருக்குள் வாடகைக்குக் குடியேறவும் ஒப்பவில்லை. ஒருநாள் காரணம் சொன்னார். "மண்டபத்தில பதிஞ்ச புத்தகத்தில எங்கட பேரும் இந்த முகாம் பேரும் இருக்கு, ரீச்சர். அவர் தேடி வரேக்கை அதைப் பாத்துத்தானே வருவார்?"

வெளியிலிருந்து பார்ப்பவர், 'இந்தப் பெண் புதிய இடத்தோடு ஒத்துப்போகவே இல்லை' என்று சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அவர் ஒரு பதிவேட்டில் தம் பெயரைக் காவல் வைத்துக்கொண்டு ஒரு மனிதருக்கு வழிகாட்டிக் கொண்டிருந்தார். அவர் துயரத்தைத் தாங்கிய முறை அதுவே.

புதிய பண்பாட்டுக்குள் வருவோர் நான்கு வழிகளில் செல்லக்கூடும் என்று கனடாவைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜான் பெரி வகுத்தார். தன்னுடையதைக் காத்துக்கொண்டே புதியதிலும் பங்குகொள்வது ஒன்று. தன்னுடையதைக் கைவிட்டுப் புதியதில் கரைவது மற்றொன்று. புதியதை ஒதுக்கித் தன்னுடையதற்குள் அடைந்துகொள்வது மூன்றாவது. இரண்டிலும் கால் ஊன்றாமல் நிற்பது நான்காவது. இவற்றுள் முதல் வழியில் செல்வோருக்கே மனநலம் பெரும்பாலும் நன்றாக அமைகிறது என்பது அவர் கருத்து. எங்கள் முகாமில் நான்கையும் கண்டேன். தாய் மூன்றாம் வழியில் நின்றார். மாலையானால் குடித்துவிட்டுக் கண்மாய்க் கரையில் கிடந்த ஒரு பெரியவர் நான்காம் வழியில். என் மாணவன் இரண்டாம் வழியில் ஓடினான். அவனை அந்த வழியில் தள்ளியது என் சிவப்பு மை.

ஆனால் வழியைத் தேர்வது வந்தவர் கையில் மட்டும் இல்லை. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் நடந்த கொடுமைக்குப் பின் முகாம்களைச் சுற்றிச் சந்தேகம் வேலியிட்டது. தலை எண்ணிக்கை, வெளியே செல்லக் கையெழுத்து, மாலைக்குள் திரும்ப வேண்டிய கட்டுப்பாடு. நேற்றுவரை குழம்பு கொடுத்தனுப்பிய வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. கோவிலிலும் அவர்கள் பின்வரிசைக்குப் போய்விட்டனர். 'இலங்கைக்காரன் என்று தெரியக்கூடாது' என்பதே அந்த நாட்களில் பிள்ளைகள் கற்ற முதற்பாடம். பேருந்தில் வாய் திறக்க வேண்டுமானால் எங்கள் பேச்சில் பேசவேண்டும். தெரியாவிட்டால் ஊமையாக இருக்கவேண்டும். ஒட்டிக்கொண்டான் என்று நான் மெச்சியது உண்மையில் ஒளிந்துகொண்டதே ஆகும். வேட்டுச் சத்தத்துக்குச் சப்பரத்தின் அடியில் புகுந்தவன், எங்கள் சிரிப்புக்கு எங்கள் சொற்களின் அடியில் புகுந்துகொண்டான்.

ஆஸ்திரேலியாவில் புகலிடம் கோரிய ஈழத்தமிழர்களிடையே டெரிக் சைலோவ் முதலிய மருத்துவ அறிஞர்கள் 1990-களில் ஆய்வு செய்தனர். தாயகத்தில் பட்ட கொடுமைகள் மட்டுமன்றி, வந்த இடத்தில் நேர்ந்த துன்பங்களும், அதாவது திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற அச்சமும், விண்ணப்பத்துக்கு விடைதெரியாத நீண்ட காத்திருப்பும், வேலை செய்ய அனுமதி இன்மையும் மனவடுவை ஆழப்படுத்துகின்றன என்பது அவர்கள் கண்டது. நடந்து முடிந்த போரை நாம் மாற்ற முடியாது. ஆனால் அந்த இரண்டாம் பகுதி நம் கையில் இருக்கிறது. நம் பங்கு, நம் பள்ளி, நம் தெரு ஆகியவற்றின் கையில் இருக்கிறது.

1992-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் முகாமின் மூதாட்டிகள் சிலர் பங்குத்தந்தையிடம் வந்து ஒரு வேண்டுகோள் வைத்தனர். தங்கள் ஊரில் தவக்காலத்தில் 'வியாகுலப் பிரசங்கம்' படிப்பது வழக்கம். அதைக் கோவிலில் படிக்க இடம் தருவீர்களா என்று கேட்டனர். கோவாவில் பிறந்து 1705-இல் இலங்கைக்கு வந்து, ஒல்லாந்தர் ஆட்சியில் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கருக்குப் பணிசெய்து, 1742-இல் அங்கேயே மறைந்த அருட்தந்தை யாக்கோமே கொன்சால்வஸ் அருளிய நூல் அது. கிறிஸ்துவின் பாடுகளை ஒப்பாரியின் சாயலில், நீண்ட இராகத்தில் இழுத்துப் படிப்பார்கள். எங்கள் பங்கினர் சிலருக்கு விருப்பமில்லை. பங்குத்தந்தை, வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்தபின் படிக்கலாம் என்றார்.

முதல் வெள்ளியன்று ஆர்வத்தால் நானும் அமர்ந்திருந்தேன். நூல் கைவசம் ஒன்றே இருந்தது. பெரும்பகுதி அவர்களுக்கு மனப்பாடம். ஒரு மூதாட்டி தொடங்க, மற்றவர்கள் ஏந்திப் பிடிக்க, அந்தக் குரல் கோவில் முழுதும் நிறைந்தது. வியாகுல மாதா மகனைத் தேடிச் செல்லும் பகுதி வந்தபோது, என் மாணவனின் தாயின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பின்பு வாய்விட்டு அழுதார். அருகில் இருந்த பெண்கள் அவரைத் தேற்றவில்லை. தடுக்கவும் இல்லை. அவர் அழுவதற்கு இடம்விட்டு, இராகம் அறுபடாமல் படித்துக்கொண்டே இருந்தார்கள். கணவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே அவருக்காக அழ அவருக்கு ஒரு வழி கிடைத்தது. மாதாவுக்காக அழலாம் அல்லவா?

அன்று கண்டதன் பொருளை, மோரிஸ் ஐசன்புரூக் என்னும் மருத்துவ அறிஞர் 1991-இல் எழுதியதைப் பிற்காலத்தில் படித்தபோது தெளிவாக அறிந்தேன். பெற்றோரின்றிப் புகலிடம் சென்ற கம்போடியச் சிறுவர்களை அவர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆராய்ந்தார். இழந்த பண்பாட்டுக்காக மனம் படும் துக்கத்தைப் பண்பாட்டு இழவு என்ற பொருளில் பெயரிட்டு அழைத்தார். புதிய வாழ்க்கைக்கு விரைவில் மாறும்படி நெருக்கப்பட்டவர்களைவிட, தங்கள் பழைய சடங்குகளில் கலந்துகொள்ள ஊக்குவிக்கப்பட்டவர்களிடம் அந்தத் துக்கம் குறைவாக இருந்தது என்று கண்டார். பழையதை மறந்தால்தான் புதியதில் காலூன்ற முடியும் என்று நம்பிய என் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம்.

ஒரு வெள்ளியின் அழுகையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். நெஞ்செரிச்சல் தொடர்ந்தது, கட்டில் வாங்கவில்லை, பட்டியலில் பெயரும் எழுதவில்லை. ஆயினும் உயிர்ப்பு ஞாயிறன்று அந்தப் பெண்கள் பின்வரிசையில் இல்லை. எங்கள் பெண்கள் இருவர் மறு ஆண்டு அந்த இராகத்தைக் கற்றுக்கொள்ள அவர்களோடு அமர்ந்தனர். சொதி எப்படி வைப்பது என்று என் தாயார் கேட்டுக்கொண்டுவந்தார். விருந்தினருக்கு உணவளிப்பது எளிது. அவர் சமைத்ததை உண்டு, அவரிடம் கற்றுக்கொள்ள அமர்வது கடினம். அதைச் செய்தபோதுதான் அவர்கள் எங்கள் பங்கினர் ஆனார்கள்.

ஆண்டுகள் சென்றன. மாணவன் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, முகாம் இளைஞர் பலரைப்போல் வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் சென்றான். மணமாகி மகள் பிறந்தாள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு அன்னையின் திருவுருவமே கோவிலைவிட்டுத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்ற செய்தி வந்த நாளில் முகாமே உண்ணாமல் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய 17-ஆம் நூற்றாண்டில், மாந்தையிலிருந்து மக்கள் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடிய திருவுருவம் அது என்பது மரபு. 'அம்மாவும் எங்களைப்போல இடம்பெயர்ந்திட்டா' என்று அந்தத் தாய் சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்டில் திருவுருவம் மடுவுக்குத் திரும்பியது. 2009 மே மாதம் போர் முடிந்தது. 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மடுவில் மன்றாடியதை முகாமின் தொலைக்காட்சியில் அவரோடு அமர்ந்து பார்த்தேன். "மாதா வீட்டுக்குத் திரும்பிட்டா, ரீச்சர்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறு ஆண்டு அவர் இறந்தார். எங்கள் பங்குக் கல்லறையிலேயே அடக்கம் செய்தோம். நவம்பரில் மகன் தாயின் பெயரைப் பட்டியலில் எழுத வந்தான். எழுதி முடித்தபின் பேனாவை மூடாமல் நின்றான். "அப்பா பேரையும் எழுதிடலாமா டீச்சர்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "அம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் நின்றுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தான். அந்தோனியார் பீடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போனான். இன்றுவரை அந்தப் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

அவன் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் பார்த்த ஒரே நாடு இதுதான். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பின் இங்கே பிறந்தவர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை பெறலாம் என்பது சட்டம். 2019-இல் இயற்றப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே குறிப்பிடுகிறது. இலங்கை அதில் இல்லை. 2021-இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 'அகதி' என்ற சொல் பலகையிலிருந்து இறங்கியது நல்லதே. கதியற்றவர் என்ற பொருள் வாழ்விலிருந்தும் இறங்க வேண்டும்.

திருவிவிலியத்தில் நாடு கடத்தப்பட்ட மக்களைப் பற்றி இரு வேறு குரல்களைக் கேட்கிறோம். 137-ஆம் திருப்பாடல், அந்நிய மண்ணில் பாடமுடியாமல் அமர்ந்து அழுபவர்களின் குரல். எரேமியா 29-ஆம் அதிகாரத்தில் வரும் மடலோ, அதே பாபிலோனில் வீடு கட்டவும், தோட்டமிடவும், பிள்ளைகளுக்கு மணம் முடிக்கவும், அந்த நகரின் நலனுக்காக மன்றாடவும் சொல்கிறது. இவற்றுள் எது சரி என்று முன்பு நான் குழம்பியதுண்டு. இரண்டையும் திருஅவை ஒரே நூலில் வைத்திருக்கிறது. அழவும் வேண்டும், நடவும் வேண்டும். அழ விடாதவர்களிடம் நடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. 1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புலம்பெயர்ந்தோரைக் குறித்து வெளியிட்ட ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். எகிப்தில் அந்தக் குழந்தை எந்த மொழியில் முதற்சொல் பேசியதோ, அறியோம். அண்டை வீட்டார் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வண்ணம் பூச அவனே வந்தான். வேலை முடிந்து காப்பி குடிக்கும்போது, பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டதைச் சொன்னேன். "எட்டாம் வகுப்பில் உன் கட்டுரையை அடித்துத் திருத்தி, வகுப்பில் சிரிக்க வைத்தேன். தவறு என்னுடையது, தம்பி. மன்னித்துக்கொள்" என்றேன். அவன் சிறிது யோசித்தான். "அது ஞாபகம் இல்லை டீச்சர்" என்றான். உண்மையாகவே மறந்தானோ, என் முகத்தைப் பார்த்து மறைத்தானோ, தெரியவில்லை. பின்பு அவனாகவே சொன்னான். "ஆனா வேட்டுப் போடுறதுக்கு முன்னாடி மைக்கில சொல்லணும்னு சாமி சொன்னாரில்லையா, அது நல்லா ஞாபகம் இருக்கு. மூணு வேட்டுன்னு சொல்லுவாங்க. அம்மா எங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மூணு வரைக்கும் எண்ணுவாங்க."

அவன் கைப்பேசி ஒலித்தது. மகள் அழைத்தாள். எங்கள் ஊர்ப் பேச்சில்தான் தொடங்கினான். முடிக்கும்போது, "வீட்டை வந்து ஆறுதலாக் கதைக்கிறன், பிள்ளை" என்றான். சொன்னபின் என்னைப் பார்த்தான். அந்தச் சொல்லை அவன் வாயால் நான் கேட்டு முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. தாயிடமும் மகளிடமும் அதை அவன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். என்னிடம் மட்டுமே மறைத்திருந்தான்.

2022-இல் இலங்கையின் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது தனுஷ்கோடி மணல் திட்டுகளில் மீண்டும் குடும்பங்கள் வந்து இறங்கின. நாளை வேறு காரணத்துக்காக வேறு மக்கள் வரக்கூடும். வேறு மொழி பேசும் தொழிலாளர்கள் வடநாட்டிலிருந்து இப்போதே நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுள் எவர் எதைக் கடந்துவந்தார் என்பது நமக்குத் தெரியாது. பெரிய உதவி செய்ய நம்மால் இயலாமற் போகலாம். வேட்டுப் போடுவதற்கு முன் சொல்லிவிட்டுப் போடலாம். அவர்கள் பேசும்போது சிரிக்காமல் இருக்கலாம். அவர்கள் சமைத்ததை ஒருநாள் அமர்ந்து உண்ணலாம். எனக்கு இவற்றைக் கற்றுத்தந்தது ஒரு முகாம். கற்பிக்கச் சென்றவள் நான், கற்றவளும் நானே.